ஒரே சட்டம், வெவ்வேறு ஊர்கள்: 1989க்குப் பிந்தைய போலந்திலும் கிழக்கு ஜெர்மனியிலும் தொழில்முனைவு

கேள்வி இதுதான்: கம்யூனிச ஆட்சி முடிந்தபின் ஒரு நாடு முழுவதற்கும் ஒரே தொழில் சட்டம், ஒரே நாணயம், ஒரே வரி என்று வந்துவிட்ட பிறகு, சில வட்டாரங்களில் மட்டும் பட்டறைகளும் கடைகளும் சிறு தொழிற்சாலைகளும் பெருகியதும், அடுத்த வட்டாரம் பல ஆண்டுகள் வேலையின்றிக் கிடந்ததும் ஏன்? அது அந்தந்த மக்களின் இயல்பு சார்ந்ததா?

இயல்பு என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. உழைப்பாளி ஊர், சோம்பேறி ஊர் என்று பிரித்துப் பேசுவது எளிது; ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. நான் காணும் காரணம் வேறு. கம்யூனிச ஆட்சி எல்லா இடங்களிலும் ஒரே அளவுக்கு, ஒரே காலத்தில் தனியார் தொழிலை அழிக்கவில்லை. ஓர் ஊரில் சொந்தக் கணக்கில் வாங்கி விற்ற கடைசி மனிதர் எப்போது கடையைச் சாத்தினார், அவருடைய பிள்ளை என்ன தொழில் கற்றார், ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரா பலரா என்பவற்றைப் பார்த்தால், 1990க்குப் பிறகு அந்த ஊரில் நடந்ததில் பெரும்பகுதி விளங்கிவிடும். போலந்தும் கிழக்கு ஜெர்மனியும் இதற்கு மிகத் தெளிவான சான்றுகள் என்பதால் அவ்விரண்டை வைத்தே விளக்குகிறேன்.

போலந்தில் கதவு திறந்தது ஆட்சி மாற்றத்துக்கு முன்பே. கம்யூனிஸ்டு கட்சியின் கடைசிப் பிரதமரான ரகோவ்ஸ்கியின் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்த மியெச்சிஸ்வாவ் வில்செக், தாமே தொழில் நடத்திப் பணம் ஈட்டியவர். அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் 1988 டிசம்பர் 23 அன்று நிறைவேறி, 1989 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் தடுக்காத எந்தத் தொழிலையும் யாரும் செய்யலாம் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் பால்செரோவிச்சின் திட்டம் விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியது. வார்சாவின் நடைபாதைகளில் மடக்குக் கட்டிலை விரித்து, அதன்மேல் காலுறையும் இறைச்சியும் வாழைப்பழமும் வைத்து விற்றவர்கள் அந்தச் சட்டத்தின் முதல் பிள்ளைகள். இந்தக் காட்சி நாடு முழுவதும் இருந்தது. வேறுபாடு தெரிந்தது அதற்குப் பிறகுதான்: கட்டிலில் விற்றவர் சில இடங்களில் கடை எடுத்தார், பட்டறை வைத்தார், ஆட்களை அமர்த்தினார், வேறு சில இடங்களில் கட்டிலோடு அது நின்றுபோனது.

இங்கே ஓர் அடிப்படைத் தகவலைச் சொல்லியாக வேண்டும். போலந்தில் கூட்டுப்பண்ணை முயற்சி 1956இல் ஏறத்தாழக் கைவிடப்பட்டது. அதன்பின் கம்யூனிச ஆட்சிக்காலம் முழுவதும் நாட்டின் விளைநிலத்தில் சுமார் முக்கால் பங்கு தனி விவசாயிகளின் கையிலேயே இருந்தது. நகரங்களைச் சுற்றிக் கண்ணாடிக் குடில்களில் தக்காளியும் பூவும் வளர்த்து விற்றவர்கள் இருந்தார்கள். செருப்புத் தைப்பவர், பூட்டுத் தொழிலாளர், மேசை நாற்காலி செய்பவர் எனக் கைவினைஞர்கள் இருந்தார்கள். அரசு அவர்களை வரியாலும் ஏளனத்தாலும் ஒடுக்கியதே தவிர ஒழிக்கவில்லை. ஆனால் இந்த மிச்சம் நாட்டில் சமமாகப் பரவியிருக்கவில்லை.

போஸ்னானைத் தலைநகராகக் கொண்ட வியல்கோபோல்ஸ்கா வட்டாரத்தைப் பாருங்கள். பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்கிட்டு ஆண்ட 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் பிரஷ்யாவிடம் இருந்தது. அப்போது, ஆயுதப் போராட்டத்தைவிடப் பொருளாதார வலிமையே போலந்து மக்களைக் காக்கும் என்று அங்கிருந்தோர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருத்துவர் கரோல் மார்ச்சின்கோவ்ஸ்கியின் முயற்சியால் 1840களின் தொடக்கத்தில் எழுந்த ‘பசார்’ விடுதி, போலந்து வணிகர்களுக்குக் கடைவாடகை இடமாகவும் கூடிப்பேசும் இடமாகவும் இருந்தது. ஹிபோலிட் செகியெல்ஸ்கி 1846இல் தொடங்கிய இரும்புப் பொருள் கடை பின்னர் இயந்திரத் தொழிற்சாலையாக வளர்ந்தது. பியோத்ர் வவ்ஜின்யாக் என்ற பாதிரியார் ஊர்தோறும் கடன் கூட்டுறவுகளைக் கட்டிக்காத்தார். விவசாயிக்கும் தச்சருக்கும் அங்கே பற்று வரவு எழுதவும், தவணை தவறாமல் கட்டவும், ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கவும் நூறாண்டுப் பழக்கம் உண்டு. கம்யூனிச ஆட்சியிலும் போஸ்னானுக்கு அருகிலுள்ள ஸ்வாஜென்ட்ஸ் தச்சர்களின் ஊராகவே தொடர்ந்தது. 1990க்குப் பிறகு அதே வட்டாரத்தில் மரச்சாமான் தொழில் பெருகியதிலும், போஸ்னானை அடுத்த போலெஹோவோவில் 1996இல் தொடங்கிய பேருந்துத் தொழிற்சாலை பின்னர் ‘சோலாரிஸ்’ என்ற பெயரில் ஐரோப்பிய நகரங்களுக்குப் பேருந்து விற்றதிலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதைச் சொன்னதும் பலர் சட்டென ஒரு முடிவுக்குப் போய்விடுகிறார்கள்: ‘பிரஷ்யா ஆண்ட பகுதி முன்னேறியது, ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஆண்ட பகுதிகள் பின்தங்கின.’ போலந்துச் செய்தித்தாள்களில் ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் பழைய எல்லைக்கோட்டை வரைந்து காட்டும் வழக்கமும் இதற்குத் துணைநிற்கிறது. இந்த விளக்கம் பாதியளவே சரி. அதன் குறையைக் காட்ட இரண்டு இடங்கள் போதும்.

முதலாவது, போஸ்னானுக்கு வடக்கே பால்டிக் கடற்கரையை ஒட்டிய பொமரேனியாவின் உட்பகுதியும், கிழக்கே வார்மியா-மசூரியும். இவையும் பிரஷ்யாவின் நிலங்களே. ரயில் பாதையும் செங்கல் பள்ளிக்கூடமும் நிலப்பதிவேடும் இங்கும் இருந்தன. ஆனால் 1945க்குப் பின் இங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு, சோவியத் யூனியனிடம் போலந்து இழந்த கிழக்குப் பகுதிகளிலிருந்தும் மத்தியப் போலந்திலிருந்தும் வந்தவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். 1947இல் தென்கிழக்கிலிருந்து வலுக்கட்டாயமாகப் பெயர்த்தெடுக்கப்பட்ட உக்ரேனியர்களும், கார்பாத்திய மலைப்பகுதிச் சிறுபான்மையினரான லெம்கோக்களும் இங்கேதான் சேர்க்கப்பட்டார்கள். ஆளில்லாமல் நின்ற பெரிய பண்ணைகளை அரசு எடுத்துக்கொண்டு, பெ.கெ.எர். எனப்படும் அரசுப்பண்ணைகளாக்கியது, சில மாவட்டங்களில் விளைநிலத்தில் பாதிக்கு மேல் அவற்றிடமே இருந்தது. வயல்வெளியின் நடுவே நான்கு மாடிக் குடியிருப்பு, பக்கத்தில் மாட்டுத்தொழுவம், ஒரு கடை, குழந்தைகள் காப்பகம். வீட்டுக்குப் பாலும் உருளைக்கிழங்கும் நிலக்கரியும் பண்ணையிலிருந்தே வரும். அங்கே பிறந்தவருக்குக் கூலி உண்டு, குடியிருப்பு உண்டு, ஆனால் விற்பதற்கென்று சொந்தமாக ஒரு பொருளும் இல்லை. விற்க அவசியமும் இல்லை. 1991 அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டத்தால் அந்தப் பண்ணைகள் கலைக்கப்பட்டபோது, நாடெங்கும் லட்சக்கணக்கானோர் ஒரே வீச்சில் வேலையையும், வேலையோடு பின்னியிருந்த வாழ்க்கையையும் இழந்தார்கள். அருகில் வேறு முதலாளி இல்லை. நகரத்துக்குப் போகும் பேருந்தும் நிறுத்தப்பட்டது. இவர்களை ‘முனைப்பில்லாதவர்கள்’ என்று எழுதியவர்கள் பலர். கைமுதல் இல்லை, நிலம் இல்லை, கற்ற தொழில் மாடு மேய்ப்பதும் டிராக்டர் ஓட்டுவதும், சுற்றியுள்ள ஒவ்வொருவரும் அதே நாளில் வேலை இழந்தவர் என்பதால் எதைத் தயாரித்தாலும் வாங்க ஆளில்லை. இந்த நிலையில் யாராயிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று அவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. ஒரே பிரஷ்ய நிலம், ஒரே போலந்துச் சட்டம், இருவேறு முடிவுகள். ஆக, வினை மண்ணிலோ கட்டடத்திலோ இல்லை. தொழிலோடு மக்களுக்கு இருந்த தொடர்பு அறுந்ததா அறாததா என்பதில் இருக்கிறது.

இரண்டாவது இடம் நோவி சொன்ச். தெற்கே மலையடிவாரத்தில், ஆஸ்திரியா ஆண்ட கலீசியாவில் இருக்கும் ஊர். கலீசியா என்றாலே பஞ்சம். துண்டு துண்டாகச் சிதறிய கையகல நிலங்கள். பழைய எல்லைக்கோட்டு விளக்கத்தின்படி இங்கே தொழில் வளர்ந்திருக்கக் கூடாது. ஆனால் 1990களில் போலந்தின் பெயர்பெற்ற கணினி நிறுவனமான ‘ஆப்டிமஸ்’ இங்கேதான் 1988இல் பிறந்தது. கூரைச் சாளரம் செய்வதில் இன்று உலகில் இரண்டாம் இடத்திலுள்ள ‘ஃபாக்ரோ’ 1991இல் இங்கே தொடங்கியது. வாயிற்கதவு செய்யும் ‘விஷ்ணியோவ்ஸ்கி’ 1989இல் அருகிலுள்ள கிராமத்தில் தொடங்கியது. ஃபாக்ரோவை நிறுவிய ரிஷார்ட் ஃப்ளோரெக் 1986இலேயே, அதாவது கம்யூனிச ஆட்சியின்போதே, பக்கத்து ஊரான திம்பார்க்கில் தச்சுப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தார் என்பது என் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று. அந்த மலைப்பகுதியில் நிலம் மிகச் சிறியது என்பதால் கூட்டுப்பண்ணை வேரூன்றவேயில்லை. நிலம் சோறு போடாது என்பதால் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சிகாகோவுக்குப் போய் வேலை செய்து டாலரோடு திரும்பினார்கள். கூரை வேய்வதும் மரவேலையும் வீட்டுக்கு வீடு தெரியும். போதாக்குறைக்கு, 1958இல் ‘சொன்ச் பரிசோதனை’ என்ற பெயரில் வார்சா அரசு இவ்வட்டார நிர்வாகத்துக்கு வழக்கத்துக்கு மாறான தன்னுரிமை கொடுத்து, சுற்றுலாவையும் பழச்சாகுபடியையும் தாங்களாகவே வளர்த்துக்கொள்ள விட்டது. ஏழ்மையான ஊர்தான், ஆனால் அங்கே கை ஒருநாளும் சும்மா இருக்கவில்லை.

வூச் நகரம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நூற்றாண்டுக்கு மேலாகத் துணி நெய்த நகரம். 1991இல் சோவியத் சந்தை மூடியதும் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் தையல் இயந்திரமும் தைக்கத் தெரிந்த கையும் வீட்டுக்கு வந்துவிட்டன. நகருக்குத் தெற்கே துஷினில் பெருஞ்சந்தை முளைத்தது. உக்ரைனிலிருந்தும் பெலாரூசிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்த வியாபாரிகள் விடியுமுன்பே சட்டையும் கால்சட்டையும் மூட்டை மூட்டையாக ரொக்கத்துக்கு வாங்கிப் போனார்கள். தைத்தவர், வெட்டியவர், பித்தான் விற்றவர், ஓட்டுநர், சாப்பாட்டுக் கடைக்காரர் என ஒரு முழுப் பொருளாதாரமே வங்கிக் கடன் இல்லாமல் எழுந்தது. 1998இல் ரூபிள் வீழ்ந்தபோது அந்த வாங்குவோர் குறைய, தைத்தவர்களின் பாடு திண்டாட்டமானது. தொழில் தெரிந்திருப்பது தொடங்கப் போதும். நிலைத்து நிற்கச் சந்தையும் வேண்டும்.

சந்தை பக்கத்திலேயே இருந்தால் மற்றக் குறைகளை ஓரளவு ஈடுகட்டலாம் என்பதற்கு ஜெர்மன் எல்லையோர ஊர்கள் சான்று. அங்கேயும் 1945க்குப் பின் குடியேறியவர்களே வாழ்ந்தார்கள். ஆனால் எல்லை திறந்ததும் ஜெர்மானியர்கள் மலிவு விலைக்காக வந்து குவிந்தார்கள். நோவா சூல் என்ற ஊரில் நூலாலையும் வார்ப்பாலையும் சரிந்தபோது, ஜெர்மன் வீட்டுத் தோட்டங்களில் வைக்கும் தாடிவைத்த குள்ளர் பொம்மைகளை வார்த்து வண்ணம் தீட்டி விற்றுப் பல குடும்பங்கள் பிழைத்தன. இதனால்தான் வட்டாரச் சராசரியை மட்டும் பார்த்துப் பேசக் கூடாது என்கிறேன். மேற்குப் பொமரேனிய மாகாணத்தில் பதிவான தொழில்களின் எண்ணிக்கை மக்கள்தொகை விகிதத்தில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது; கடற்கரை விடுதிகளும் ஷ்செச்சின் நகரின் சேவைத் தொழில்களும் அந்த எண்ணிக்கையைத் தருகின்றன. அதே மாகாணத்தின் உட்பகுதியில், பழைய அரசுப்பண்ணை மாவட்டங்களான வோபெஸ், பியாவோகார்டு போன்றவை நெடுங்காலம் வேலையின்மையில் தவித்தன. மேலும், பதிவுச் சீட்டு எடுத்த ஒவ்வொருவரும் தொழில்முனைவர் அல்லர். ஆலை ஆட்குறைப்பு செய்தபின் வாடகைக்கார் ஓட்டப் பதிவு செய்தவரும், ஐம்பது பேரை வைத்துச் சாளரம் செய்பவரும் கணக்கில் தலைக்கு ஒன்றே.

இனி கிழக்கு ஜெர்மனி. இங்கே அழிப்பு போலந்தைவிட முழுமையானது. ஆயினும் அது கட்டம் கட்டமாக நடந்தது. 1945இல் நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட பெருநிலங்கள் பறிக்கப்பட்டன. 1960இல் கூட்டுப்பண்ணைமயம் முடிந்தது. நடுத்தரத் தொழிற்கூடங்களோ அரசின் பங்கோடு 1972 வரை உயிரோடிருந்தன. அந்த ஆண்டில்தான் ஆளுங்கட்சித் தலைவர் ஹோனெக்கரின் அரசு சுமார் 11,000 தொழிற்கூடங்களை நாட்டுடைமையாக்கியது. பழைய முதலாளி பல இடங்களில் அதே அறையில், அதே மேசையில், சம்பளம் வாங்கும் இயக்குநராக உட்கார்ந்திருந்தார். அதன்பின் எஞ்சியவர்கள் ரொட்டிக் கடைக்காரர், முடிதிருத்துபவர், குழாய் பழுதுபார்ப்பவர் போன்ற, பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதியில்லாத கைவினைஞர்கள். 1989இல் வேலை செய்வோரில் சுயதொழிலர் 2 சதவீதம் அளவே; மேற்கு ஜெர்மனியில் அது 10 சதவீதத்தை ஒட்டியிருந்தது.

1972க்கும் 1990க்கும் இடையே 18 ஆண்டுகள். இந்த எண்ணை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதுண்டு. நாற்பது வயதில் தொழிலை இழந்தவர் ஐம்பத்தெட்டு வயதில் அதைத் திரும்பக் கேட்க முடியும். கணக்குப் புத்தகமும் வாடிக்கையாளர் பெயரும் நினைவில் இருக்கும். மகனோ மகளோ அதே கூடத்தில் தொழில் கற்றிருப்பார். 1990 மார்ச்சில் கிழக்கு ஜெர்மனியின் மோத்ரோவ் அரசு 1972இல் பறித்தவற்றைத் திருப்பிப் பெற வழிசெய்தபோது, ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். இத்தகைய கூடங்கள் அடர்ந்திருந்தவை தெற்கே சாக்சனியும் துரிங்கியாவும்: நூற்பு, பின்னல், மரப்பொம்மை, இசைக்கருவி, நுண்கருவி எனச் சிறு ஊர்களில் பரவிக்கிடந்த தொழில்கள். வடக்கே மெக்லென்பர்க்கில் அப்படிப்பட்ட மிச்சம் மிகக் குறைவு. அங்கே 1945க்கு முன்பும் ஜமீன்தாரும் கூலியாளும், பின்பு கூட்டுப்பண்ணையும் கூலியாளும். யேனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகேல் ஃப்ரிட்ச், மிகேல் வைர்விச் ஆகிய பொருளியலாளர்கள் 1925ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து ஆராய்ந்து, அன்று சுயதொழில் மிகுந்திருந்த வட்டாரங்களில் 1990க்குப் பின்னும் புதுத்தொழில்கள் மிகுதியாகத் தொடங்கப்பட்டதைக் கண்டார்கள். கிழக்கில் அந்தத் தொடர்ச்சி மேற்கைவிட மெலிந்தது, ஆனாலும் தெரிகிறது.

டிரெஸ்டனுக்குத் தெற்கே மலைப்பள்ளத்தாக்கிலுள்ள கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரைக் கிட்டத்தில் பாருங்கள். 1845 டிசம்பர் 7 அன்று ஃபெர்டினாண்டு அடோல்ஃப் லாங்கே அங்கே கடிகாரப் பட்டறை தொடங்கினார். 1948இல் அவர் குடும்பத்தின் நிறுவனம் பறிக்கப்பட்டது. கொள்ளுப்பேரன் வால்ட்டர் லாங்கே மேற்குக்குத் தப்பினார். ஊரின் பட்டறைகள் 1951இல் ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டு, கடிகாரம் செய்வதை மட்டும் நிறுத்தாமல் தொடர்ந்தன. 1990 டிசம்பர் 7 அன்று, சரியாக 145 ஆண்டுகள் கழித்து, 66 வயதான வால்ட்டர் லாங்கே திரும்பி வந்து நிறுவனத்தை மறுபடி பதிவு செய்தார். 1994 அக்டோபர் 24 அன்று முதல் கடிகாரங்கள் வெளிவந்தன. பெயர் அவருடையது, முதல் மேற்கிலிருந்து வந்தது, ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கித் திருகாணியை மெருகேற்றிய கைகள், அரசு நிறுவனத்தில் நாற்பதாண்டு வேலை செய்த அதே ஊர்க் கைகளே. அவை இல்லாவிட்டால் பெயரை வைத்து என்ன செய்ய முடியும்? யேனாவிலும் இதுவே நடந்தது: கார்ல் சைஸ் கூட்டாலையில் ஆட்குறைப்பு கடுமையாக இருந்தபோதும், ஒளியியல் தெரிந்த பொறியாளர்கள் ஊரிலேயே தங்கித் தனித்தனி நிறுவனங்கள் தொடங்கினார்கள்.

எதிர்முனையில் ஐசன்ஹூட்டன்ஷ்டாட்டும் ஹோயர்ஸ்வெர்டாவும். முன்னது 1950இல் இரும்பாலைக்காகவே எழுப்பப்பட்ட நகரம். பின்னது பழுப்பு நிலக்கரிக்காக ஊதிப் பெருத்தது. இரண்டிலும் மக்கள்தொகை 1980களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெரிய ஆலை ஒன்றே எல்லாமாக இருந்த இடத்தில் சிறு முதலாளி உருவாவதற்கு வழியே இல்லை. ஆலைக்குத் திருகாணி செய்து கொடுக்கும் பட்டறையும் ஆலைக்குள்ளேயே இருந்தது. இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள், மேற்கே போய்விட்டார்கள். போக இயன்றதே போலந்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு: ஒரே மொழி, ஒரே குடியுரிமை, ரயில் சீட்டு எடுத்தால் போதும்.

இன்னொரு வேறுபாடு நாணயம். 1990 ஜூலை 1 அன்று கிழக்கு ஜெர்மனியில் கூலியும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் டாய்ச் மார்க்குக்கு மாறின. மக்கள் மகிழ்ந்தார்கள், ஆனால் அவர்கள் செய்த பொருளின் விலை ஒரே இரவில் பழைய வாங்குவோருக்கு எட்டாததாகிவிட்டது. போலந்தின் தையற்காரிக்கு மலிவான போலந்து நாணயமான ஸ்வோட்டி துணைநின்றது. சாக்சனியின் பின்னலாடைக்காரருக்கு அந்தத் துணை இல்லை. சுமார் 8,500 நிறுவனங்களையும் 40 லட்சம் தொழிலாளர்களையும் கையில் எடுத்த, அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்பதற்கான ட்ராய்ஹாண்ட் அமைப்பு 1994 இறுதிக்குள் எல்லாவற்றையும் விற்றோ மூடியோ முடிக்கப் புறப்பட்டது. பெரியவற்றை வாங்கியோர் பெரும்பாலும் மேற்கத்தியர். ஆகவே உள்ளூர்க்காரருக்கு எட்டியது கட்டடவேலை, மின்வேலை, கடை, உணவகம் போன்றவையே. விதிவிலக்குகள் உண்டு. கிழக்கிலுள்ள ஃப்ரைபுர்க் என்ற சிற்றூரின் ‘ரோட்கெப்ஹென்’ நுரை ஒயின் ஆலையை 1993இல் அதன் மேலாளர்களே வாங்கினார்கள். 2002இல் அவர்கள் மேற்கின் புகழ்பெற்ற ‘மும்’ ஒயினையே விலைக்கு வாங்கினார்கள். 2000களின் நடுவில் கிழக்கின் சுயதொழில் விகிதம் மேற்கை ஏறத்தாழ எட்டிவிட்டது. ஆனால் நிறுவனங்களின் அளவு எட்டவில்லை.

இடைவெளியின் நீளம்தான் காரணம் என்ற என் கருத்தைச் சோதிக்க விரும்புவோர் ரஷ்யாவைப் பார்க்கலாம்: அங்கே 1920களின் இறுதியில் சாத்திய கதவு 1980களின் பிற்பகுதியில்தான் திறந்தது; தாத்தாவின் கடையை நேரில் பார்த்த பேரன் அரிது. ஹங்கேரியிலோ 1982 முதலே ஆலைத் தொழிலாளர்கள் வேலை நேரத்துக்குப் பின் தங்களுக்குள் குழு அமைத்துத் தொழில் செய்ய அனுமதி இருந்தது. வீட்டுப் பின்புற நிலமும் இருந்தது. அங்கே கிழக்கின் ஓஸ்டு இரும்பு நகரம் வீழ்ந்து மேற்கின் கியோர் எழுந்ததற்கு, ஆஸ்திரிய எல்லை பக்கத்தில் இருந்ததும் பெரிய காரணம்.

வேலையிழந்த வட்டாரங்களுக்கு வெளியிலிருந்து ஆலையைக் கொண்டுவருவதே பொதுவாகச் செய்யப்பட்டது. போலந்து 1995இல் மியெலெட்சில் தன் முதல் சிறப்புப் பொருளாதார மண்டலத்தை அமைத்தது. விமானத் தொழில் தெரிந்த தொழிலாளர்கள் அங்கே காத்திருந்ததால் அது பலித்தது. அரசுப்பண்ணை மாவட்டங்களுக்கு என் பார்வையில் முதலில் தேவைப்பட்டது மண்டலம் அன்று. அடுத்த நகரத்துக்கு ஓடும் பேருந்தும், கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளியும், ஒருவர் பட்டறை வைத்தால் முதல் இரண்டாண்டு வாடகை கேட்காத கட்டடமுமே. அவை அங்கே மிகவும் தாமதமாக வந்தன.

இப்போது இரு நாடுகளிலும் புதிதாக ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. 1990இல் முப்பத்தைந்து, நாற்பது வயதில் பட்டறை தொடங்கியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். நோவி சொன்ச்சிலும் சாக்சனியின் சிற்றூர்களிலும், சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவர்கள் யோசிக்கிறார்கள். பிள்ளைகளில் பலர் கிராகோவிலோ மியூனிக்கிலோ வேறு வேலையில் இருக்கிறார்கள். பட்டறையை வாங்க முன்வரும் தொழிலாளி உள்ளூரிலேயே இருக்கிறாரா, அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கிளை இன்னும் அந்த ஊரில் திறந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு ஊராகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.